இரவல் வாங்கிய நிறை

1967 பெப்ரவரி 6

முகாமையாளர் வீரசிங்கம் இன்று மூட்டை தூக்குவோரைத் துறைமுகக் கிட்டங்கி வாசலில் நிறுத்திப் போசாக்கைப் பற்றி உரையாற்றினார். பால், முட்டை, கீரை, மீன், பழம். கொம்பனியின் நலன்புரி உத்தியோகத்தன் என்ற முறையில் நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும். ஆட்டவில்லை.

தூக்குவோரில் மூத்தவரான கிண்ணியா முஹம்மது தம்பி மிக மரியாதையாகக் கேட்டார்: "ஐயா, இதெல்லாம் ஒரு ஊருக்கோ?"

"ஒரு ஆளுக்கு."

"ஒரு மாசத்துக்கோ?"

"ஒரு நாளைக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். தம்மை அவர்களுக்குப் பிடித்துவிட்டதாக வீரசிங்கம் எண்ணுகிறார்.

சென்ற மாதம் ஒருவன் கோதுமைமா மூட்டையின் கீழ் மயங்கி விழுந்தான். தொழிலாளர் சம்பள உயர்வு கேட்டார்கள். கொடுக்கும்படி நானும் எழுதினேன். வீரசிங்கம் கண்ட பரிகாரம் வேறு. இனி வியாழன்தோறும் எல்லோரையும் நிறுப்பது. நூற்றுப்பத்து இறாத்தலுக்குக் குறைந்தவனை வேலையிலிருந்து நீக்குவது. பசித்தவனை நீக்கிவிட்டால் பசி நீங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. நான்தான் அங்கே பொருளியல் படித்துக் காலத்தை வீணாக்கினேன்.

பெப்ரவரி 9

முதல் நிறுவை. ஒருவரும் குறையவில்லை.

மீன்பிடி ஊரான சல்லியிலிருந்து வரும் யோகலிங்கத்தை நான் அறிவேன். கருவாடு அவனைவிடச் சதைப்பிடிப்பானது. தராசு நூற்றிருபத்திரண்டு என்றது. ஏறும்போது புதுப்பெண்போல் அடிமேல் அடி வைத்தான். இறங்கும்போது சாரத்துக்குள் ஏதோ குலுங்கிற்று.

"என்ன அது?"

"சாவி, சேர்."

"உமக்கு எத்தனை வீடு?"

சாரத்தை இறுக்கிப் பிடித்தபடி போய்விட்டான். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள். அவன் மட்டுமல்ல, முக்கால்வாசிப் பேர்.

தராசு காட்டியதை எழுதினேன். தராசை மறுத்துப் பேச எனக்கு யார் அதிகாரம் தந்தது?

பெப்ரவரி 12

மனைவி பத்மாசனி சந்தையிலிருந்து வெறும் கூடையோடு வந்தாள். "மீன் இல்லையாம். சல்லியில வலை தாழுதில்லையாம். ஈயத்தையெல்லாம் ஆரோ இரவல் வாங்கிக்கொண்டு போட்டாங்களாம். ஈயத்தை என்னத்துக்கப்பா இரவல் வாங்குறது?"

"உடம்பு வைக்க" என்றேன்.

காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பெப்ரவரி 17

நேற்றைய நிறுவையிலும் எல்லோரும் தேறினார்கள். வீரசிங்கத்துக்கு அளவற்ற மகிழ்ச்சி. காரணம் இன்றுதான் விளங்கிற்று. இருபத்து மூன்றாம் திகதி தொழில் அதிகாரி சம்பளக் கோரிக்கையை விசாரிக்க வருகிறார். அவர் கண்முன்னால் இவர் எல்லோரையும் நிறுத்துக் காட்டப் போகிறாராம். "எல்லாரும் நல்லாக் கொழுத்துப்போய் இருக்கிறாங்கள். இதுக்கு மேல என்னத்துக்குச் சம்பளம்?"

மாலையில் முஹம்மது தம்பி வீட்டுக்கு வந்தார். "ஈயத்தைக் கழட்டினா வேலை போகுது சேர். கட்டினா சம்பளம் போகுது. நாங்க எதைச் செய்ய?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். படிச்சு என்ன கண்டனான்? அந்த மனுசன்ர கழுத்தைப் பிடிச்சு — இல்லை. நாகரிகமாக எழுத வேண்டும்.

பெப்ரவரி 23

அதிகாரி முன்னிலையில் நிறுவை முடிந்தது. எல்லோரும் கொழுத்தவர்கள். வீரசிங்கம் தேநீர் வருவித்தார். அதிகாரி குடிக்கவில்லை, வேலை நடப்பதையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஈயத்தைக் கழற்ற அவகாசமில்லை. யோகலிங்கம் மூட்டை எடுப்பதற்காகப் படகுக்குப் போகும் பலகையில் கால் வைத்தான். சறுக்கிற்று. கடலில் விழுந்தான். மேலே வரவில்லை.

சல்லியில் பிறந்தவன் கடலில் தாழ்வதா? ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முஹம்மது தம்பி பாய்ந்தார். இருவரும் மேலே வந்தபோது யோகலிங்கத்திடம் சாரம் இல்லை. அது ஈயத்தோடு அடியில் தங்கிவிட்டது.

"டேய், பாதி உடம்பைக் கீழ விட்டுட்டு வந்திட்டியே!" என்று மூச்சு வாங்க வாங்க முஹம்மது தம்பி கத்தினார்.

அதிகாரி அவனுக்கு ஒரு சாக்கைச் சுற்றிவித்துத் தராசில் ஏற்றினார். தொண்ணூற்றாறு. சாக்கோடும் ஈரத்தோடும்.

"மோசடி! எல்லாரையும் இண்டைக்கே நிப்பாட்டுறன்!" என்று வீரசிங்கம் குதித்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நிறுவை எழுதினது நீங்கள்தானே?"

"ஓம். கொம்பனி நிறை கேட்டது. கொம்பனி கொடுக்கிற சம்பளத்தில் நிறை வாங்க ஏலாது. ஆகையால் இரவல் வாங்கினார்கள். இரவல் கொடுத்த ஊர் இரண்டு கிழமை மீன் இல்லாமல் இருந்தது."

குரல் உயரவில்லை. நிறுவைப் பதிவை அவரிடம் நீட்டினேன்.

மார்ச் 4

தீர்ப்பு வந்தது. நிறுவை ரத்து. ஒருவரையும் நீக்கக் கூடாது. கேட்ட உயர்வில் முக்கால் பங்கு.

எனக்கும் கொம்பனியிலிருந்து ஒரு கடிதம்: எனது சேவை இனித் தேவையில்லை. பிழைகள் மலிந்த ஆங்கிலம். சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

ஏப்ரல் 11

தூக்குவோர் சங்கம் என்னைச் செயலாளராக நியமித்திருக்கிறது. தருவதைச் சம்பளம் என்று அழைப்பது தமிழுக்குச் செய்யும் அநீதி.

மே 2

சம்பள உயர்வு கோரி எனது புதிய முதலாளிகளுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். சங்கத் தலைவர் முஹம்மது தம்பி முழுவதையும் வாசிக்கக் கேட்டார்.

"நியாயந்தான் சேர். ஆனா இப்ப ஏலாது."

ஏலாது என்பது எனக்குப் பழகிய சொல். தொழில் கொடுப்பவர் ஒருவர் நியாயம் என்று ஒத்துக்கொண்டது என் வாழ்நாளில் இதுவே முதல் தடவை.

காசு சேரும்வரை எனக்கு முறைவைத்து மதியச் சாப்பாடு தருவார்களாம். பேச்சுவார்த்தை முடியாமல் உண்ண மாட்டேன் என்றேன்.

"அல்லாவே! எங்களுக்கெதிராவோ உண்ணாவிரதம்?"

மே 3

முறைப்படி இன்று யோகலிங்கம் வீட்டில் மதியம். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பாரைமீன் குழம்பு. வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கிட்டபடி கையை மடக்கிக்கொண்டு இருந்தேன். அவன் மனைவி கண்டுகொண்டாள்.

"யோசியாமல் சாப்பிடுங்கோ ஐயா. எங்களுக்கும் இருக்கு."

விண்ணப்பத்தை மீளப்பெறும் எண்ணம் எனக்கில்லை. இரண்டாம் முறையும் சோறு கேட்டேன்.