ஹீட்டர் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை உனக்குக் கிடைக்கிற பத்து நிமிஷ போனை உன் மனைவியும் மகளுமே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். "மாமா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மருமகள் போனை நீட்டும்போது லைன் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடைக்குத் தபால் போகுமா என்று தபாலாபீசில் கேட்டார்கள். சாமான் ஏற்றிப்போகும் படகில் போகும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள்.

நீ ஆர்டர் போட்ட ஹீட் பம்ப் ஹீட்டர் வந்துவிட்டது. என் உயரம் இருக்கிறது பெட்டி. முன்னறையில் செருப்பு விடுகிற இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் பொருத்தவில்லை. கோபப்படாமல் மேலே படி.

பொருத்த வந்தவருக்கு அளவுநாடா என்று பெயர் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததிலிருந்து எதையாவது அளந்துகொண்டே இருந்தார். விட்டால் என் மூக்கையும் அளந்திருப்பார். இந்த மெஷினில் நெருப்பே கிடையாதாம். சுற்றியுள்ள காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்குமாம், ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. கரண்டும் கொஞ்சம்தான் பிடிக்குமாம். முப்பத்தொரு வருஷம் கேஸ் ஹீட்டர் ரிப்பேர் பார்த்தவனிடம் வந்து நெருப்பில்லாத வெந்நீர் என்றால் நான் என்ன சொல்ல? உள்நடை அலமாரியில் இருக்கிற நம் பழைய ஹீட்டர் என் கையால் மாட்டியது. ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. நல்லா ஓடுகிற மாட்டை எதற்கு மாற்றுவது என்று கேட்டேன். அவர் பதிலுக்கு அலமாரிக் கதவை அளந்தார்.

முதல் பாதி வேலையை மட்டும் முடித்துவிட்டார்கள். கூரைக்கு மேலே சூடு வெளியே போகாமல் தடுக்கிற நுரை அடித்து, ஜன்னல், கதவு இடுக்குகளில் எல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி, வீட்டை டப்பா மாதிரி இறுக்கிவிட்டார்கள். அது நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். இந்தக் குளிரில் ஒரு பொட்டுக் காற்று உள்ளே வருவதில்லை. காலையில் ஜன்னல் கண்ணாடியில் எல்லாம் தண்ணீர் கோடுகோடாக வழிகிறது. சூடு வெளியே போகாமல் உள்ளேயே நிற்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இது போதும், ஹீட்டரைக் குளிர் முடிந்து பார்ப்போம் என்று அளவுநாடாவிடம் சொன்னேன். "ரெண்டும் சேர்ந்தே நடக்கணும் ஐயா. வீட்ட இறுக்கிட்டு அந்தப் பழசை விட்டு வைக்கக் கூடாது" என்று வாசலில் நின்று மூன்று தடவை சொன்னார். விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அனுப்பிவிட்டேன்.

மருமகளுக்கு அவ்வப்போது தலைவலி. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்தினால் யாருக்குத்தான் வராது. கண்ணைக் காட்டச் சொல்லி நீயும் போனில் சொன்னாயாம். உன் மகள் வாலு பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், வந்ததும் தூங்கிவிடுகிறாள். முன்பெல்லாம் அவளைத் தூங்க வைக்க நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியும். வளர்கிற வயசு.

நான் வழக்கம்போலக் காலை உணவு முடிந்ததும் என் சிநேகிதர் பூட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டு அந்தி சாயும்போதுதான் திரும்புகிறேன். என் அறை ஜன்னலில் மட்டும் ரப்பர் ஒட்டவிடவில்லை. அது திறந்திருக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள். உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது இடுப்புக் கயிற்றை மறக்காதே.

அன்புடன்,
அப்பா


புதன்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

உன் பதில் கிடைத்தது. நான்கே வரி. அதில் மூன்று வரி ஹீட்டரைப் பற்றி. அப்பா எப்படியிருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுதினாயே, அதற்கு நன்றி.

வீட்டில் கொஞ்சம் மனக்கசப்பு. என் வாயால் சொல்வதற்கு முன் நீ போனில் கேட்டிருப்பாய், ஆனாலும் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் தலைவலி, வாந்தி என்று படுத்துக்கொள்கிறாள். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று மறந்துபோகிறதாம். போன வாரம் பால் அடுப்பில் இருக்க, பக்கத்திலேயே நின்றுகொண்டு பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சோர்வுதான், சத்து மாத்திரை சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "மாமா, இந்த வீட்டுல ஏதோ சரியில்ல. அந்தப் பெட்டியைப் பிரிச்சு மாட்டிடலாமே." வீட்டுக்கும் தலைவலிக்கும் என்னம்மா சம்பந்தம் என்றேன். கேஸ் கசிகிறதோ என்று சந்தேகப்பட்டாள். உடனே சோப்புத் தண்ணீர் கரைத்து, அவள் கண் முன்னாலேயே ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக் காட்டினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அப்புறம் வாலுவைக் கூட்டிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்தாள். அங்கே போனதும் தலைவலி இல்லை, வாந்தி இல்லை. குழந்தை மரத்தில் ஏறி விளையாடியிருக்கிறது. திங்கட்கிழமை திரும்பி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானமே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கல்யாணம் ஆகாத சின்னப் பையன் இல்லை. ஒரு பெண்ணுக்கு அக்கா வீட்டில் வராத தலைவலி மாமனார் இருக்கிற வீட்டில் மட்டும் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாதா? தனியாகப் போக வேண்டும் என்றால் நேரே சொல்லலாம். நான் குறுக்கே நிற்கிறவன் இல்லை. இதைப் பூட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு சாவியை ராவிக்கொண்டே, "எதுக்கும் அந்த ஹீட்டரை ஒரு தடவ திறந்து பாருமேன்" என்றார். அவருக்குக்கூட என் தொழிலில் நம்பிக்கை போய்விட்டது.

திறந்து பார்க்காமலில்லை. சுடர் கொஞ்சம் மஞ்சளாக எரிகிறது. அலமாரியின் மேல் பலகையில் லேசாகக் கரி. துணியால் துடைத்துவிட்டேன். பர்னரில் தூசி சேர்ந்திருக்கும், அடுத்த வாரம் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவேன். புழுக்கமாக இருக்கிறது என்று அவள் சொன்னதற்காகச் சமையலறையில் நல்ல வேகமுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டூலில் ஏறி நானே சுவரைக் குடைந்து மாட்டினேன், இந்த வயசில். அது ஓடும்போது வீடே உள்ளே இழுக்கிற மாதிரி இருக்கிறது. வாசல் கதவைத் திறக்கப் பலம் வேண்டியிருக்கிறது.

அளவுநாடா மறுபடி போன் செய்தார். மாட்டுவதாக இல்லை என்றால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வருகிறாராம். நாளை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். இதை நீ வேறு ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வாலுவுக்குக் கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருக்கிறது. அக்கா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொண்டது போல. ஆனால் பாடப் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுகிறாள்.

யாரைப் பற்றியும் கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா


திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து

மகனுக்கு,

வீட்டில் அவசரம், உடனே கிளம்பவும் என்று உன் கம்பெனி ஆள் சொல்லியிருப்பார். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். புயல் ஓய்ந்தால்தான் உங்களைக் கரைக்குக் கொண்டுவர முடியும், வியாழனோ வெள்ளியோ ஆகும் என்றார். முழுவதையும் நீ என் கையெழுத்தில்தான் படிக்க வேண்டும். இதைக் கம்பெனி ஆபீசில் கொடுத்து வைக்கிறேன். கரையில் இறங்கியதும் உன் கைக்கு வரும்.

முதலில் இது. குழந்தை பிழைத்துக்கொண்டாள். எழுந்து உட்காருகிறாள், சாப்பிடுகிறாள், செவிலியரைக் கேள்வி கேட்டுத் துளைக்கிறாள். உன் மனைவிக்கு உயிர் இருக்கிறது. தானாக மூச்சு விடுகிறாள். கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை. இன்றோடு ஐந்து நாள்.

வியாழக்கிழமை வாலுவின் பள்ளிக்கூடம் லீவு. வெளியே நல்ல மழை. மருமகள் துணிகளை வெந்நீரில் துவைக்கப் போட்டுவிட்டு, வாலுவைக் குளிப்பாட்டிப் படுக்கையில் உட்கார வைத்துவிட்டு, பாடம் நடத்த உட்கார்ந்திருக்கிறாள். ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் எரிந்திருக்கிறது. ஃபேனும் ஓடியிருக்கிறது. நான் பூட்டுக்காரர் கடையில் இருந்தேன்.

பெட்டியை எடுக்க வந்த அளவுநாடா மணி அடித்திருக்கிறார். யாரும் திறக்கவில்லை. வீட்டில் ஆளில்லை என்று திரும்பியவர், உள்ளே குழந்தைகள் குரல் கேட்டு நின்றிருக்கிறார். "டீச்சர், டீச்சர், கேக்குதா டீச்சர்" என்று நாலைந்து குழந்தைகள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணினியிலிருந்து வந்த குரல்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கண்ணாடி முழுக்க நீராவி. ஒன்றும் தெரியவில்லை. மனுஷன் யோசிக்கவில்லை. மழையில் கிடந்த செங்கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்து உள்ளே குதித்திருக்கிறார். மேஜை மேல் தலையைச் சாய்த்துக் கிடந்திருக்கிறாள். குழந்தை கட்டிலில். முதலில் குழந்தையைத் தூக்கி மழையில் கிடத்திவிட்டு, திரும்பிப் போய் அவளை இழுத்து வந்திருக்கிறார். அதற்குள் அவருக்கே கால் துவண்டு படியில் விழுந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

தீயணைப்புக்காரர்கள் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். வீடு முழுக்கக் கார்பன் மோனாக்சைடு. மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, சோப்புத் தண்ணீரில் குமிழும் விடாது. அது கேஸ் கசிவு இல்லை, எரிந்த புகை. புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டியது. வீட்டை இறுக்கியதும் ஹீட்டருக்குக் காற்றுப் போதவில்லை. அதற்கு மேல் நான் மாட்டிய ஃபேன், வெளியே போகிற புகையையும் குழாய் வழியாகவே வீட்டுக்குள் திருப்பி இழுத்திருக்கிறது. இத்தனை நாளும் கொஞ்சம் கொஞ்சமாக. அன்றைக்கு மொத்தமாக. அளவுநாடா வாசலில் நின்று மூன்று தடவை சொன்னது இதைத்தான்.

நீ என்னிடம் கேட்கப்போகிற கேள்வியை நானே எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் இந்தத் தொழிலில் இருந்த அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். சுடர் மஞ்சளாக இருந்தால் முதலில் அணை, அப்புறம் பேசு என்று எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அடுத்தவர் வீட்டில் அந்த மஞ்சளைப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே அணைத்திருப்பேன். நம் வீட்டில் பார்த்தபோது அணைத்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும், மருமகள் சொன்னது சரி என்றாகிவிடும். அதனால் துணியை எடுத்துக் கரியைத் துடைத்தேன். போன கடிதத்தில் அதை நானே உனக்கு எழுதியுமிருக்கிறேன். படித்துப் பார். கிழித்துவிடாதே.

அக்கா வீட்டில் நின்றுபோன தலைவலி நம் வீட்டுக்கு வந்ததும் திரும்பியது. அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? அவள் நடிக்கிறாள் என்று நினைத்தேன். அதை அவள் காதுபடவே ஒரு தடவை சொல்லியுமிருக்கிறேன். இதை உன்னிடம் அவள் போனில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ எனக்கு எழுதியிருப்பாய்.

அவள் அக்கா பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை உள்ளே விட வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நானே போவதில்லை. வாலுவைப் பார்க்க மட்டும் மேலே போகிறேன். நேற்று அவள் கேட்டாள், "தாத்தா, அம்மா தலைவலிக்குதுன்னு சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று. அங்கேதாண்டா இருந்தேன் என்றேன். "அப்புறம்?" என்றாள். எழுந்து கீழே வந்துவிட்டேன்.

மூளைக்கு எவ்வளவு நேரம் காற்றுப் போகவில்லை என்பதைப் பொறுத்தது என்கிறார் டாக்டர். முழித்தாலும் சிலது மறந்திருக்கலாம், பேச்சுத் தடுமாறலாம், பழையபடி ஆகவும் ஆகலாம். எதையும் இப்போது சொல்ல முடியாதாம். பழக்கமான குரல் கேட்டால் நல்லது என்று ஒரு செவிலியர் சொன்னார். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். என் குரல் அவளுக்கு உதவாது. உன் குரல் வேண்டும்.

நீ வந்ததும் வீட்டுக்குப் போகாதே. நேராக ஆஸ்பத்திரிக்கு வா. இரண்டாம் மாடி, வலது பக்கம், கடைசி அறை. நான் கீழே மருந்துக் கடைக்கு எதிரே பெஞ்சில் இருப்பேன். என்னைத் தேடாதே, பார்த்தாலும் நிற்காதே, மேலே போ. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நிமிஷம் என்ற கணக்கில்லாமல் பேசு. எல்லாம் முடிந்த பிறகு, உனக்கு மனம் இருந்தால், குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வரச் சொன்னாலும் வருகிறேன், போகச் சொன்னாலும் போகிறேன். சொல்லி அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதே.

பத்திரமாக வந்து சேர்.

அப்பா