முப்பத்தோரு பெயர், ஒரே மரம்

செவ்வாய் கிரக ஆண்டு 3 (ஆண்டுக்கு 668 நாள்), நாள் 212. காலை 07:10

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானுக்கு வணக்கம். நான் ஆவுடையப்பன், செவ்வாய் கிரகத்து ஹேசல்நட் என்னும் கொட்டைமரத் தோட்டத்தின் ஏகச் சக்கரவர்த்தி. குடிமக்கள் முப்பத்தோரு மரங்கள். பூமியின் ஹேசல்நட் தோப்புகளை நோய் வழித்துத் துடைத்துவிட்டது, மிச்சம் இங்கேதான். துருக்கிப் பெயர், இத்தாலிப் பெயர் என்று ஆளுக்கொரு பட்டம்.

வெப்பம் சரி. ஈரம் சரி. காய் மட்டும் மூன்றாம் ஆண்டாக இல்லை. இந்த மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அவ்வளவு ரோஷம். வேற்று ரகத்தின் மகரந்தம் காற்றில் வர வேண்டும். இங்கே காற்று நான்தான். இன்று தூரிகையோடு நான் வீசிய வேகத்தில் கிரகமே அரை அடி நகர்ந்திருக்கும்.

நாள் 215. 14:30

மரபணுச் சோதனை முடிந்தது. முப்பத்தொன்றும் ஒரே மரம்!

எந்தக் காலத்திலோ யாரோ வேர்க்கன்றைப் பிடுங்கி அடுத்த ஊருக்குக் கொண்டுபோக, அந்த ஊர் ஒரு பெயர் வைக்க, அதற்கடுத்த ஊர் இன்னொன்று வைக்க... வேறுபாடெல்லாம் பெயர்ப்பலகையில்தான். எல்லாம் ஒன்று என்றால் காயும் பிடிக்காது, மொத்தத்தையும் சாய்க்க ஒரே நோய் போதும். ஒன்பதாம் மரத்துப் பட்டையில் கரும்புள்ளி பார்த்தேன்.

நானூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கூடாரத்தில் அக்காள் மகள் சுடர்க்கொடி ஒற்றை ஹேசல்நட் மரம் வளர்க்கிறாள். சோதிக்கச் சொன்னேன். அது வேறு ரகம்.

சுடர்: "முப்பத்தோரு ரகம்னு ஊரெல்லாம் அளந்தீங்களே மாமா! எங்க ஒத்த மரம்தான் உங்க சாம்ராஜ்யத்துக்கே மாப்பிள்ளையாக்கும். சீர்வரிசை எங்க?"

நாள் 219. 09:05

சுடரின் கூடாரத்தில் காற்றுக் கசிவு. அடைபடவில்லை. இங்கே வரும் பயணத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத்தான் இப்போது சுவாசிக்கிறாள்.

நான்: "ஏட்டி, மரத்த விட்டுட்டு இப்பமே கெளம்பு."

சுடர்: "பூ இன்னும் விரியல மாமா. நாளைக்கு மகரந்தம் உதிரும். எடுத்துட்டு வந்துருதேன்."

நான்: "கொம்ப வெட்டிக் கொண்டா!"

சுடர்: "வண்டிக் குளிர்ல விரியாத பூ செத்துரும். மகரந்தம்னா தாங்கும். சக்கரவர்த்தி வாசல்ல வந்து நில்லுங்க, போதும்."

நாள் 221. 18:40

வண்டி வந்தது. தானே ஓடி வந்து, தானே வாசலில் நின்றது.

இருக்கையில் சுடர். சிலிண்டர் காலி. மடியில் குப்பி நிறைய மஞ்சள் தூள்.

வழியில் பதிந்திருந்த குரல்: "மாமா, அழுதுட்டு நிக்காதீங்க. உங்க பூவெல்லாம் காஞ்சிரும். மொதல்ல தூரிகைய எடுங்க."

எடுத்தேன். மரம் மரமாக, சிவப்பு நூல் போன்ற பெண்பூக்கள் ஒவ்வொன்றிலும் தொட்டேன். அவளை வண்டியிலிருந்து இறக்கியது அதற்குப் பிறகுதான். தோட்டத்து மண்ணிலேயே புதைத்தேன்.

நாள் 300. நேரம் பார்க்கவில்லை

மகரந்தம் பட்ட பிறகும் இந்த மரம் மாதக்கணக்கில் வாய் திறக்காது. அப்புறம்தான் கரு. பிடித்ததா, தெரியாது. நோய் பிடித்தது தெரியும். பதினாறு மரங்கள் போயின. பூமியிலிருந்து சாப்பாடு கொண்டுவரும் சரக்குக் கப்பலும் வரவில்லை.

அக்காவுக்குச் செய்தி அனுப்பப் பலமுறை உட்கார்ந்துவிட்டேன். வண்டி வண்டியாகப் புளுகுகிறவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

நாள் 402

கடைசி மரமும் பட்டுப்போனது. சாவதற்குள் ஏழு கொட்டைகள் கொடுத்துவிட்டது. உள்ளே வெற்றாக இருக்குமோ என்று பயம். ஒன்றை உடைத்தேன். பருப்பு இருந்தது. கீற்று எடுத்துச் சோதித்தேன். பாதி இந்த மரம், பாதி அவளுடைய மரம். எந்த ஊரிலும் இல்லாத ரகம். பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தே கெட்டோம்.

சாப்பாடு தீர்ந்து நாளாகிறது. எழுத்து கோணுகிறது.

வருகிறவரே, குளிர்பெட்டியில் ஆறு இருக்கின்றன. முளைக்கப் போடுங்கள். எவ்வளவு பசித்தாலும் வறுத்துத் தின்றுவிடாதீர்கள். உடைத்த பருப்பை நானும் தின்னவில்லை. சுடரின் பக்கத்தில் வைத்து