பொன்னி எழுந்திருக்கக் கூடாது

ஏப்ரல் 3, வியாழன்

காலையிலேயே தெரு காந்துகிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், டேங்க் வழிந்து, எதிர்வீட்டம்மா கத்தித்தான் தெரிந்தது. "சார், தண்ணி தெருவுல ஓடுது, வூட்டுல ஆளு இருக்கீங்களா இல்லயா?"

இருக்கிறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். விஜயா இருந்தவரை அவள் கேட்பாள், சமையலறையிலிருந்தோ மாடியிலிருந்தோ, மோட்டாரை நிறுத்தியாச்சா என்று. எரிச்சலாக வரும். அவள் போனதிலிருந்து டேங்க் வழியாத வாரம் இல்லை.

சென்னையிலிருந்து நிவேதிதா பேசினாள். என் கடைசித் தொடரில் உதவியாளராக இருந்த பெண், இப்போது சேனலில் கதை தேர்வு செய்கிற இடத்தில். என் புது இசை நாடகத்தை நேரில் பார்க்க வருகிறாளாம். "பிடிச்சா சீரியலாவே பண்ணலாம் சார்." சந்தோஷப்பட வேண்டும். முயன்று பார்த்தேன், வரவில்லை.

வாங்க: பி.பி. மாத்திரை. பல்பு. நாடகத்தில் பொன்னிக்கு ஒரு வெளிர் மஞ்சள் சேலை (வாடகைக்கு வேண்டாம்).

ஏப்ரல் 5, சனி

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ். வழி நெடுக சிமெண்ட் லாரி. சட்டைக் காலர் சாம்பல்.

ஒத்திகை, கலியபெருமாள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் (மாட்டை விற்றுவிட்டான்). க.பெ. ஆர்மோனியம். முப்பது வருடப் பழக்கம், என் எல்லாப் பாட்டுக்கும் அவன்தான் மெட்டு. பொன்னியாக ஜெயக்கொடி, மீன்சுருட்டியிலிருந்து வருகிறாள். நல்ல குரல், நேரத்துக்கு வரமாட்டாள்.

நாடகம் சின்னது. கணவன், மனைவி. இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். கடைசிப் பாட்டில் பொன்னி பாதி அடியில் சாகிறாள். கணவன் மீதி அடிக்காகக் காத்திருக்கிறான். வராது. ஆர்மோனியம் நிற்கும். விளக்கு அணையும். முடிந்தது.

விஜயா அப்படித்தான் போனாள். ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில்.

சென்னையில் மூன்று தொடர் எழுதினேன். ஒன்றின் முடிவும் என்னுடையது இல்லை. ரேட்டிங் சொல்லும், சேனல் சொல்லும், ஸ்பான்சர் சொல்லுவான், நான் எழுதிக்கொடுப்பேன். இந்த ஒன்றை யாருக்கும் தருவதாக இல்லை.

ஜெயக்கொடி ஒத்திகையில் படுக்கவே இல்லை. உட்கார்ந்தபடி தலையை மட்டும் சாய்த்தாள். "சாமி முன்னாடி பொணமா கெடந்து அப்படியே வூட்டுக்குப் போவச் சொல்றீங்களேய்யா. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

க.பெ. என்னைப் பார்க்காமல் ஆர்மோனியத் துருத்தியைத் துடைத்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

செந்துறைக்குப் பக்கத்து ஊர். அங்கே மாரியம்மன் திருவிழாவில்தான் நாடகம். விழாக்குழுத் தலைவர் ராமலிங்கம் கூப்பிட்டனுப்பினார். முந்திரிக்காரர், நல்ல மனுஷன், மோர் கொடுத்தார். அதற்குப் பிறகு: "வாத்தியாரே, அந்தப் பொம்பள கடைசியில செத்துப் போவுதாமே."

"ஆமாங்க."

"சாவட்டும். செத்தா எந்திரிக்கணும்ல? எந்திரிச்சி மங்களம் பாடணும். பாதிப் பாட்டோட வெளக்க அணைச்சா ஊருக்கு ஆவுமா?"

ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இந்தப் பக்கம் மேடையில் யார் செத்தாலும் எழுந்து மங்களம் பாடித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தெரிந்தே எழுதினேன். ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தேன். தொடருக்குக் கதை சொல்லும்போதுகூட இவ்வளவு கெஞ்சியதில்லை.

கடைசியில் அம்மனிடம் பூ கேட்பது என்று முடிவு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் பொன்னி எழ வேண்டாம். பூசாரி மகள் வந்து எடுத்தாள்.

வெள்ளை!

என் வாழ்க்கையில் என் பக்கம் வந்த முதல் ரேட்டிங்.

ராமலிங்கம் பொட்டலத்தைத் திரும்ப மடித்துவைத்தார். "ஆத்தாவுக்கு நம்ம கேட்டது சரியா வெளங்கல. இன்னொருக்கா கேட்டுருவோம்." சிவப்பு. "ஒண்ணுக்கு ஒண்ணு. மூணாவது கேட்டாத்தான் முடியும்." சிவப்பு.

"அம்மாவே சொல்லிட்டா வாத்தியாரே. என் மேல வருத்தப்படாதீங்க."

அவர் மேல் வருத்தம் இல்லை. ரெண்டாவது தடவை கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான். பழக்கம்.

க.பெ. பஸ்ஸில்: "மாப்ள, ஒரு நிமிசம் சும்மா இருக்க விடுறேன். அப்பறம் சுதி குடுத்துருவேன். ஒரு நிமிசம் ஒனக்கு."

ஏப்ரல் 10, வியாழன்

எதுவும் எழுதவில்லை. மாத்திரை வாங்க மறந்தேன். சின்ன வெங்காயம் விலை இறங்கிவிட்டது என்று டீக்கடையில் ஒரே புலம்பல். தலைவலி. ஜெயக்கொடி போன் செய்து, மங்களத்துக்குப் பட்டுச்சேலை மாற்றிக்கொள்ளலாமா என்றாள். பிணமாகக் கிடப்பவள் எங்கே போய் மாற்றுவது? செத்த சேலையிலேயே எழு என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று நடந்தது.

எங்களுக்கு அடுத்து ஆர்கெஸ்ட்ரா இருந்ததால் பொழுது சாய்ந்ததுமே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். கூட்டம் பரவாயில்லை. பாதிப் பேர் நல்ல இடம் பிடிக்க வந்தவர்கள். நிவேதிதா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி.

மைக் இரண்டு முறை போனது. கணவனாக நடித்தவன் ஒரு சரணத்தை விழுங்கினான். எல்லாம் எப்போதும்போல. பிறகு கடைசிப் பாட்டு. ஜெயக்கொடி பாதி அடியில் நிறுத்தினாள், படுத்தாள். நிஜமாகவே படுத்தாள், முழுசாக. க.பெ. கையை எடுத்துக்கொண்டான்.

சத்தமே இல்லை. ரோட்டில் லாரி போவது கேட்டது. ராட்டினக்காரன்கூட நிறுத்தியிருந்தான். அந்த ஒரு நிமிடம் நான் எழுதியது மேடையில் இருந்தது. சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அதுதான்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "எந்திரி தாயி." இன்னொன்று, "எந்திரிம்மா, போதும்." பிறகு ஊரே சொல்ல ஆரம்பித்தது. கோபமாக இல்லை, கெஞ்சலாக. எந்திரி, எந்திரி.

நானும் சொன்னேன். திரைக்குப் பின்னால் நின்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த முடிவுக்காக அம்மனோடு மல்லுக்கு நின்றவன் நான்.

க.பெ. சுதி கொடுத்தான். பொன்னி எழுந்தாள். மஞ்சள் சேலையில் மண் ஒட்டியிருந்தது. மங்களம் பாடினாள், ஒரே கைதட்டல். மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

நிவேதிதா ஓடி வந்தாள். "சார், கூஸ்பம்ப்ஸ்! அந்த எந்திரிக்கிற சீன்தான் சார் நம்ம ஷோ. செத்துப் போன பொண்டாட்டி திரும்பி வர்றா. அங்கேருந்தே ஆரம்பிக்கலாம்."

"அதுக்கு முன்னாடி இருக்கறது?"

"பிளாஷ்பேக்ல வெச்சுக்கலாம் சார். செவ்வாய்க்கிழமை முதல் சீன் மட்டும் அனுப்புங்க."

சரி என்றேன். யாராவது கேட்டால் சரி என்பதற்கு எனக்கு வாய் தானாக வருகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம் இல்லை. எதிர்வீட்டம்மா வடை கொடுத்தனுப்பினார்.

செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவருவதில் நான் கைதேர்ந்தவன். இதுவரை செய்தவை: இரட்டைப் பிறவி. ஆஸ்பத்திரியில் உடல் மாறியது. ஞாபகம் போய் கேரளாவில் இருந்தது. முகம் மாறி வந்தது (நடிகை விலகியதால்). எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள், மின்னல் வெட்டும், "நான் சாகல" என்பார்கள். பார்த்தவர்கள் நம்பினார்கள். இப்போது ஒரு வரி நகரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அதே வெயில். க.பெ. போன், எடுக்கவில்லை. நிவேதிதா மெசேஜ்: "சீன் ரெடியா சார்?"

குளிக்கத் தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மின்னல் வேண்டாம். வாசலும் வேண்டாம். எழுந்து வந்தவள் முதலில் என்ன பேசுவாள்? யோசிக்க யோசிக்க எதுவுமே வரவில்லை. பிறகு, யோசிக்காதபோது கை எழுதியது:

காட்சி 1. வீடு. பகல்.
கணவன் எழுதிக்கொண்டிருக்கிறான். அவள் சமையலறையிலிருந்து.
விஜயா: மோட்டார நிறுத்துனீங்களா, இல்லயா?

பொன்னி என்று எழுதியிருக்க வேண்டும். அடித்துத் திருத்தவில்லை.

அவன் என்ன பதில் சொல்கிறான் என்று தெரியவில்லை. வெளியே எதிர்வீட்டம்மா கத்துகிறார். தண்ணீர் வாசல்படி தாண்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போகவில்லை.