எதிர்ப்பக்கம் தள்ளு

இஞ்சாருங்கோ,

மண்ணெண்ணெய் மணக்கிறது. ஆஸ்பத்திரி வளவுக்குள், ஒரு வேப்பமரத்தின் அரை நிழலில், மருமகனின் சின்னக் காருக்குள் இருக்கிறேன். முன்கண்ணாடியில் உங்கள் வெள்ளைக் கட்டை தொங்குகிறது. ரீவியில் கார் ஓட்டுவோமே, அந்த விளையாட்டுக்குக் கையில் பிடிக்கிற அதே கட்டைதான். நான் லைசன்ஸ் எடுத்த அன்று, "அப்பாவும் எங்களோடை வரட்டும்" என்று சொல்லி மகள் றீற்றா அதை அதன் கைவாரோடு அங்கே கட்டிவிட்டாள். வெயில் ஏற ஏற அதன் பொத்தான் இடுக்குகளிலிருந்து உங்கள் கை மணம் வருகிறது. வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விட்ட கையைக் கழுவாமல் அதைத் தொடாதீர்கள் என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! நல்ல காலம், நீங்கள் ஒரு தரமும் கேட்கவில்லை.

றீற்றா உள்ளே இருக்கிறாள். பிள்ளை திரும்பிக் கிடக்கிறது. தலை மேலே, கால் கீழே. அடுத்த கிழமை வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் இன்று காலையிலேயே பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று கொண்டுபோய்விட்டார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். செபமாலையை எடுத்தால் எந்த மணியில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. அதனால் அவளுடைய பைக்குள் கிடந்த கொப்பியில் உங்களுக்கு எழுதுகிறேன். எழுத்தெல்லாம் கோணல்மாணலாய்ப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சுவிசிலிருந்து பிள்ளைகளோடு வந்து நின்றபோது விட்டுப்போன விளையாட்டுப் பெட்டியல்லவா அது. காற்றுக் காலம், கடலுக்குப் போகமுடியாமல் நீங்கள் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாய்த் திரிந்துகொண்டிருந்தீர்கள். "இதென்ன, சக்கரமும் இல்லை, ஒண்டும் இல்லை, என்னெண்டு கார் ஓடுறது?" என்று கேட்டீர்கள். கட்டையைக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்து, வெறும் காற்றுக்குள் ஸ்டியரிங் திருப்புகிற மாதிரிச் சரித்தால் ரீவிக்குள் கார் திரும்பும் என்று றீற்றா காட்டித்தந்தாள். நீங்கள் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, சேட்டுக் கையை மடித்துவிட்டு இருந்தீர்கள். முதல் வளைவு வலப்பக்கம் வந்தது. கட்டையை இடப்பக்கம் சரித்தீர்கள். கார் நேரே போய்க் குளத்துக்குள் விழுந்தது.

அடுத்த வளைவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. "அப்பா, வலப்பக்கம்! வலப்பக்கம்!" என்று பிள்ளை கத்த, "வலப்பக்கம் தானே தள்ளுறன்!" என்று நீங்கள் கத்த, கார் மதிலில் ஏறி நின்றது. எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. வள்ளம் வலப்பக்கம் போகவேண்டுமென்றால் பின்னால் எஞ்சின் பிடியை இடப்பக்கம் தள்ளவேண்டும். பதினைந்து வயதிலிருந்து அந்தக் கை அதைத்தான் படித்திருந்தது. ரோட்டு வேறு, கடல் வேறு என்று உங்கள் வாய்க்குத் தெரியும், கைக்குத் தெரியாது.

யாரோ ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து வந்தார்கள். எனக்கில்லை. வேறு யாருடையதோ சோற்றுப் பை.

எங்கே விட்டேன்? அந்த விளையாட்டு உங்களை என்ன பாடு படுத்தியது! கைவாரை மாட்டச் சொன்னால் கேட்கமாட்டீர்கள், "நான் என்ன நாய்க்குட்டியே?" என்பீர்கள். ஒரு நாள் வளைவில் உடம்பு முழுக்கச் சரிந்து, கட்டை கையை விட்டுப் பறந்து அலுமாரிக் கண்ணாடியில் போய் அடித்தது. அந்த வெடிப்பு இன்னும் இருக்கிறது. தலை சீவும்போது என் நெற்றிக்குக் குறுக்கே ஓடும். சில நாள் கட்டையை நேரே பிடித்தாலும் கார் சரிந்து சரிந்து போகும். டோர்ச்சுக்குள் இருந்த பற்றறியைக் கழற்றிப் போட்டால் கொஞ்சம் சரிவரும், பிறகு இருட்டில் டோர்ச் எரியாது, அதற்கும் நான்தான் பேச்சுக் கேட்கவேண்டும். கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறவன் எதையாவது எறிந்து விழுத்திவிடுவான். "இழுவைப்படகுக்காரன் மாதிரியெல்லோ வந்து இடிக்கிறான், நாசமாய்ப் போவான்!" என்று எழும்பி நின்று திட்டுவீர்கள். ஒரு பாதையில் மாடுகள் குறுக்கே வரும். ஒவ்வொரு முறையும் தவறாமல் மாட்டை இடித்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளம்மா" என்று ரீவியைப் பார்த்துச் சொல்லுவீர்கள். நான் ஓடினால் முதலாவதாய் வருவேன், உங்களுக்கு முகம் சுருங்கிப் போகும். அந்தச் சந்தோசம் எனக்குப் போதும்.

மெழுகுதிரிக் கதை நினைவிருக்கிறதா? ரீவிக்கு மேலே வைக்கிற சின்னக் கருவியின் வயர் உப்புக் காற்றில் இற்றுப்போனது. திரையில் ஒரு வெள்ளைக் கை வரும், அதைக் கொண்டுதான் பாதையைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்தக் கை வராமலே போனது. பெட்டி பழுது என்று மூடிவைத்தோம். பிறகு ஒரு மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, ரீவிக்கு மேலே இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இரண்டு மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொல்லப்போகும் நேரம், நீங்கள் சும்மா கட்டையை நீட்டினீர்கள். கை வந்தது! "இஞ்சாரப்பா, ஆண்டவருக்கும் கார் ஓட விருப்பமாம்" என்றீர்கள். "வாயைக் கழுவுங்கோ!" என்று நான் ஏசினேன். அந்தக் கட்டை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இடம் பிடிக்குமாம், மெழுகுதிரியும் அதற்குப் போதுமாம் என்று றீற்றா எங்கேயோ வாசித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு திரி கொளுத்தாமல் ஒரு நாளும் ஓட்டம் தொடங்கவில்லை. ஆண்டவரைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம், அவ்வளவுதான்.

பிறகு அந்தப் பின்னேரம். தோற்றுத் தோற்றுக் களைத்துப்போய், கட்டையை அப்படியே முன்பின்னாய்த் திருப்பிப் பிடித்தீர்கள், பொத்தான்கள் ரீவியைப் பார்க்க, முதுகுப் பக்கம் உங்களைப் பார்க்க. பொத்தானை விரலால் தடவிக் கண்டுபிடித்து அமத்தினீர்கள். இடப்பக்கம் சரித்தீர்கள், கார் வலப்பக்கம் திரும்பியது. உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை. மாட்டைத் தாண்டினீர்கள், பாலத்தைத் தாண்டினீர்கள், மூன்றாவதாய் வந்தீர்கள். "நான் சொன்னனானெல்லோ, பிழை என்னிலை இல்லை. கட்டையைத் தான் திருப்பிச் செய்திருக்கிறாங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போய், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்.

காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். திரும்பிக் கிடக்கிறதும் நல்லபடி வந்து சேரலாம். வரவேண்டும். நீங்கள் அங்கே யாரோடாவது கதைத்துச் சொல்லுங்கள்.

உங்கள் தோள் ஏலாமல் போன அந்தக் கடைசி வருசத்தில் நண்டு வலைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்களே, அங்கேதான் எனக்குப் பிடித்தது சனியன். நீங்கள் முன்னால் இருந்து வலையைப் பார்க்க, எஞ்சின் பிடி என் கையில். ரீவியில் முதலாவதாய் வந்தவள் கடலில் நேரே கல்லுப் பக்கம் போனேன். "எதிர்ப்பக்கம் தள்ளு! எதிர்ப்பக்கம்!" என்று நீங்கள் கத்தினீர்கள். நான் அழுதேன். அப்போது குரலைத் தணித்து, "போற இடத்தைப் பார். கையைப் பாராதை. கை தானாய் வரும்" என்றீர்கள். வந்தது. வந்தது மட்டுமில்லை, போகாமலே இருந்துவிட்டது.

நீங்கள் போன பிறகு வள்ளத்தைக் கரையில் ஏற்றியாகிவிட்டது. மருமகன் கட்டாருக்குப் போக, கார் கொட்டிலுக்குள் நின்றது. றீற்றா மாசமானபோது எனக்கு நித்திரை போனது. தலைமன்னார்க் கரையில் இருந்துகொண்டு, நேரம் வந்தால் பஸ்ஸையும் ஓட்டோவையும் தேடித்திரிகிறதா? ஐம்பது வயதில் கார் பழகப்போனேன். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். முதல் பரீட்சையில் வலப்பக்கம் திருப்பச் சொன்னார்கள்; பதட்டத்தில் என் கை உங்கள் பக்கம் போய்விட்டது. நட்டு வைத்த தடி முறிந்தது. "அம்மா, வலம் இடம் தெரியாதோ?" என்று அந்த மனுசன் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, உங்களைத்தான் திட்டினேன். கடற்கரை வரைக்கும் போய், அலைக்கு முன்னால் நின்று திட்டினேன்.

றீற்றாதான் அன்று பின்னேரம் பெட்டியை வெளியே எடுத்தாள். நீங்கள் போனதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. இரண்டு திரி கொளுத்தினாள். எனக்கு அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பயமாய் இருந்தது. இரண்டு திரியை நான் கடைசியாய்க் கொளுத்தியது உங்கள் தலைமாட்டில். கட்டையை நீட்டினேன். திரையில் அந்த வெள்ளைக் கை நடுங்கியது. "அம்மா, இது உங்கடை கை தான் நடுங்குது. பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள் பிள்ளை. ஒவ்வொரு பின்னேரமும் ஓடினேன். குளத்துக்குள் விழுந்தேன், மதிலில் ஏறினேன், மாட்டை இடித்தேன், மன்னிப்பும் கேட்டேன். கடல் பழக்கியதை அந்தக் கட்டை கொஞ்சம் கொஞ்சமாய்க் கழற்றியது. இரண்டாம் பரீட்சையில் பாஸ்.

என்றாலும் கோயிலுக்கும் கடைக்கும் தாண்டி ஓட்டாதவள் நான். இன்று காலை றீற்றாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நீட்டு ரோட்டில் இறங்கினேன். அவள் முனகுகிற ஒவ்வொரு முறையும் என் கால் தானாய் பிரேக்கைத் தேடியது. "நில்லாதேங்கோ அம்மா, ஓடுங்கோ" என்றாள். பேசாலை தாண்டினதும் கழுதைகள், எங்கள் ஊர்க் கழுதைகள், ரோட்டுக்கு நடுவில், தங்கள் அப்பன் வீட்டு முற்றம் மாதிரி நின்றன. வலப்பக்கம் கொஞ்சம் இடைவெளி இருந்தது. என் கை இடப்பக்கம் இழுக்கத் துடித்தது. சத்தியமாய்ச் சொல்கிறேன், கைக்குள் உங்கள் கை இருந்தது. அந்த இடைவெளியை மட்டும் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை. கார் தாண்டிப் போய்விட்டது. பின்னால் றீற்றா, அந்த நோவுக்குள்ளும், "மன்னிச்சுக்கொள்ளம்மா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம்.

இப்போது எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மருமகன் கட்டாரிலிருந்து கோல் எடுத்தபடி இருக்கிறான். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? வேப்பம்பழம் காரின் கூரையில் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறேன்.

கூப்பிடுகிறார்கள். என் பெயர்தான். போய்விட்டு வாறன்.

வந்துவிட்டேன்.

வாசலில் ஒரு இளம் தாதி நின்றாள். "றீற்றாவின்ரை அம்மாவோ? ஒப்பரேசன் முடிஞ்சுது. தாயும் பிள்ளையும் சுகமாய் இருக்கினம். பொம்பிளைப் பிள்ளை. இதாலை நேரை போய் வலப்பக்கம் திரும்புங்கோ" என்றாள். அவள் சொல்லி முடிக்கமுதல் ஓடினேன். இடப்பக்கம் திரும்பினேன். முன்னால் பூட்டின கதவும், ஒரு வாளியும், சாத்திவைத்த தும்புத்தடியும். பிள்ளையைக் காணவில்லையே மாதாவே என்று அந்தக் கதவைத் தட்டினேன். தாதி பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"பதறாதேங்கோ அம்மா. வலப்பக்கம் எண்டெல்லோ சொன்னனான்."

"பதட்டம் இல்லைப் பிள்ளை," என்றேன். "இது என்ரை மனுசன்ரை பக்கம்."

அவளுக்கு என்ன விளங்கியிருக்கும்! என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

பேத்தியின் இரண்டு காலும் வயிற்றுக்குள் இருந்த மாதிரியே இன்னும் மேலே மடிந்து, முகத்துக்குக் கிட்ட நிற்கின்றன. சில நாளில் தானாய் இறங்குமாம், ஒரு குறையும் இல்லையாம். மயக்கம் தெளியாத குரலில் றீற்றா, "அப்பாவின்ரை ஆள் தான் அம்மா இது" என்றாள். ஓம் என்றேன். 

சில நாளில் வீட்டுக்கு விடுவார்கள். நான்தான் ஓட்டவேண்டும், இந்த முறை கைக்குழந்தையும் வண்டிக்குள். பேசாலையில் கழுதைகள் நிற்கும். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். உங்கள் பக்கம் போக இந்தக் கை துடிக்கும். துடிக்கட்டும். நான் போகிற இடத்தைப் பார்ப்பேன்.