குசினியை ஓமகுண்டமாக்கிய நாள்

என் ஆசை மச்சாள் ஜெசிக்கு,

நேற்று முழுக்க உன்னைத் தேடினேன். அழுவதற்கு அல்ல, பக்கத்தில் நின்று திட்டுவதற்கு. எனக்குத் திட்ட வராது என்று உனக்குத் தெரியும்தானே. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த வேலையை எப்போதும் நீதான் பார்த்தாய். போன மாரியில் டெங்கு வந்து நீ போய்விட்டாய். இந்த மடையர் கூட்டத்தோடு தனியே நிற்கிற கொடுமை எனக்கு வாய்த்திருக்கிறது.

இந்த முறை அச்சுவேலிக்கு அப்பால் ஒரு பனங்காணியில் அகழ்வு. குழிப் பொறுப்பு என்னுடையது. நேற்றுக் காலை கிழக்கு மூலையில் மண் சுரண்டிக்கொண்டிருந்த பரமேஸ் அக்கா சட்டென்று கையை எடுத்தார். கோப்பாயிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களோடு வேலை செய்கிறவர் அவர். பார்த்தால், கறுத்த மண்ணுக்குள் மூன்று கல். நடுவில் கரி, உடைந்த சட்டியின் விளிம்பு, கருகிய மீன்முள். முழங்காலில் நின்று தூரிகையால் தட்டத் தட்ட முள்ளுகள் வந்துகொண்டே இருந்தன. பாரையின் முதுகெலும்பு ஒன்றை மட்டும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மற்றதெல்லாம் உன் வேலை. முள்ளைக் கையில் எடுத்ததும் மீனின் பெயரைச் சொல்ல இப்போது இங்கே ஒருவரும் இல்லை, மச்சாள்.

கரியைக் கைபடாமல் எடுத்து அனுப்பினால் எந்தக் காலத்து அடுப்பு என்று தெரிந்துவிடும். அதற்கான சாமான்களை எடுக்க மேலே ஏறினேன். அந்த நேரம் பார்த்து ஒரு வான் வண்டி வந்து நின்றது.

வந்தவர் அகழ்வுச் செலவுக்குக் கைகொடுத்த கனடாக்காரர். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் கமரா தூக்க ஆட்கள். குடை பிடிக்காத குறையாகப் பக்கத்தில் எங்கள் பேராசிரியர். உன் நினைவுக் கூட்டத்தில் 'எங்கள் ஜெசிந்தா' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'எங்கள் ஜெனிற்றா' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாரே, அவர்தான். உனக்கென்றால் சிரிப்பு வந்திருக்கும். உன்னைப் பெற்ற மாமிக்கு வரவில்லை.

கனடாக்காரர் குழியின் ஓரத்து மண்சுவரில் நின்று எட்டிப் பார்த்தார். இறங்கவில்லை, சப்பாத்து ஊத்தையாகிவிடுமே. பார்த்த கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டார். இது முன்னோர் வேள்வி செய்த ஓமகுண்டமாம். பேராசிரியர் தலையாட்டினார். இவ்வளவு காலம் படிப்பித்த மனிதருக்கு அடுப்பைத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதுதான் அருவருப்பு.

மெல்லத்தான் சொன்னேன். "அண்ணை, உது ஆரோ சமைச்ச குசினி. உள்ளுக்கை முழுக்க மீன்முள்ளுக் கிடக்கு."

கனடாக்காரர் என் ஊரைக் கேட்டார். என்னிடம் அல்ல, பேராசிரியரிடம். மீன்பிடிக்கிற குருநகர் என்றதும் சிரித்தார்.

"வேதக்கார ஆக்கள். உவைக்கு எதைப் பாத்தாலும் மீனாத்தான் தெரியும்."

கமராக்காரரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வரவில்லை, மச்சாள். செருப்பில் ஒட்டிய சாணியோடு ஆராவது சண்டை பிடிப்பார்களா?

பிறகு பேராசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, வீடியோ எடுத்து முடியும்வரை முள்ளுகளை அப்புறப்படுத்தச் சொன்னார். இன்னும் படம் எடுக்கவில்லை, அளக்கவில்லை, மாட்டேன் என்றேன். அவர் தானே இறங்கினார். கிடந்ததைக் கிடந்தபடி பதிய வேண்டும் என்று கம்பஸில் எங்களுக்குப் பாடம் எடுத்த அதே மனிதர், குந்தியிருந்து, வெறுங்கையால் முள்ளுகளைப் பொறுக்கி, முகம் துடைக்கிற தன் லேஞ்சிக்குள் போட்டு முடிந்தார். நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?

அடுப்புக்குள் கற்பூரம் கொளுத்தினார்கள். பால் ஊற்றினார்கள். பரமேஸ் அக்கா கைகூப்பினார். அவரை நான் ஒன்றும் நினைக்கவில்லை, அவருக்குச் சாமி சாமிதான். கும்பிட்டு முடித்து, பால் ஊறிய கரியைப் பார்த்துவிட்டு, "இனி உதிலை ஒண்டும் எடுக்கேலாது, என்ன பிள்ளை?" என்று கேட்டார். ஏலாது என்றேன்.

கனடாக்காரர் கமராவுக்கு முன்னால் முன்னோரின் சுத்த சைவ வாழ்வைப் பற்றி நெடுநேரம் முழங்கினார். கமரா நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, மத்தியானக் கூழுக்கு நண்டு போட்டிருக்கிறார்களா என்பது. ஓம் என்றார் பேராசிரியர். வான் போய்விட்டது.

சாப்பிட மனமில்லாமல் குழிக்குள் இருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அடுப்பின் கறுத்த மண் ஓரத்து மண்சுவருக்குள்ளும் போகிறது. கனடாக்காரர் ஏறி நின்ற அதே சுவர். பரமேஸ் அக்காவும் நானும் அதை மேலிருந்து படைபடையாக இறக்கினோம். வெயில் சாயும்போது அடுப்பின் மறுபக்கம் வெளிவந்தது. பாலும் கற்பூரமும் படாத கரி. சட்டித் துண்டொன்றில் ஒட்டியபடி ஒரு மீன்தலை. படம் எடுத்து, அளந்து, வரைந்து, கரியைப் பொதி செய்து முடித்தபோதுதான் பசித்தது.

பொழுதுபடும் நேரம் பேராசிரியர் தனியே வந்தார். லேஞ்சி முடிச்சை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இதுகளை இருந்த இடத்திலையே திருப்பி வைச்சிடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

"எடுத்ததைத் திருப்பி வைக்கேலாது எண்டு நீங்கள்தானே சேர் படிப்பிச்சனியள்."

இப்படியே கதைத்தால் அடுத்த அகழ்வுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்றார். பாருங்கோ என்றேன். முடிச்சை அவிழ்த்து முள்ளுகளைப் பையில் போட்டு, 'வீடியோவுக்காகப் பேராசிரியர் அகற்றியவை, கிடந்த இடம் தெரியாது' என்று அவர் பார்க்கவே எழுதி ஒட்டினேன். லேஞ்சியை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது?

இன்று வீடியோ வந்துவிட்டது. ஊரெல்லாம் ஓமகுண்டம் என்றுதான் கதை. மாமியும் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார். நான் அந்த மீன்தலையைப் பற்றிச் சொன்னேன். 

"என்ன மீன் பிள்ளை?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. 

நீ சேர்த்து வைத்த மீன்முள்ளுகள் இன்னும் உன் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கின்றனவாம். ஞாயிறு பூசை முடிந்து போய், மாமியோடு நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறேன். ஒரு நாளில் முடியாவிட்டால் மறுபடியும் போவேன். அந்த மீனின் பெயரை அறிக்கையில் எழுதுவேன் மச்சாள். எழுதிவிட்டு, முதலில் மாமிக்குத்தான் வாசித்துக் காட்டுவேன்.

உன் மாமாவின் மகள்,
திரேசா