லீனஸ் தோற்க வேண்டிய ஞாயிறுகள்

என் ஆசை மச்சாள் ஜெசிந்தாவுக்கு,

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தக் கடிதத்தை எங்கள் தேவாலயத்தின் பங்கு மலரில் போடக் கொடுத்தேன். "கோபம் கூடிப்போச்சு" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அதனால் எங்கள் சின்னக் கார் ஓட்டக்காரர்களின் முகநூல் பக்கத்தில் போடுகிறேன். எங்களோடு கார் ஓட்டும் லீனஸும் வாசிக்கட்டும். அவர் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். நீ என் கணவரின் தங்கை. தமிழ்நாட்டு முகாமில் மோட்டர் வைண்டிங் பழகி, ஊர் திரும்பி, மன்னார் ரவுணில் தண்ணீர்ப் பம்புகளுக்கும் மின்விசிறிகளுக்கும் கம்பி சுற்றியவள்.

தோட்டவெளியில் அந்தப் பழைய ஐஸ் அறைக்கு நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். நீண்ட பலகை மேசை, அதில் வளைந்து வளைந்து ஓடும் நாலு பள்ளக் கோடுகள். உள்ளங்கை அளவு காரின் மூக்கிலுள்ள முள் பள்ளத்தில் இறங்கும். இரண்டு பக்கத் தகட்டிலிருந்தும் மின்சாரம் ஏறும். கையிலுள்ள விசையை அழுத்தினால் கார் பறக்கும், வளைவில் விடாமல் அழுத்தினால் வெளியே தூக்கி எறிபடும். "வளர்ந்த ஆக்களுக்கு இது என்ன விளையாட்டு?" என்று சிரித்தேன். அடுத்த ஞாயிறு நானே விசையைக் கேட்டு வாங்கினேன். தையல் மெஷின் மிதித்த எனக்கு எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பது சுலபமாக வந்தது. நீ சுற்றினாய், நான் ஓட்டினேன்.

அப்போது எல்லோரும் காந்தத்துக்குப் பின்னால் திரிந்தார்கள். மோட்டருக்குள் இருந்த கறுப்புக் காந்தத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இணையத்தில் வரவழைத்த வெள்ளிநிறக் காந்தத்தைப் போட்டார்கள். நீ காந்தத்தைத் தொடவில்லை. உள்ளே சுழலும் மூன்று கால்களிலும் இருந்த மெல்லிய செப்புக் கம்பியை அவிழ்த்து, தடித்த கம்பியைக் குறைந்த சுற்றில் சுற்றினாய்.

"கம்பி தடிச்சா கரண்ட் தாராளமா வரும் மச்சாள். சூடும் வரும். சூட்டை நான் பாக்கிறன், வளைவை நீங்கள் பாருங்கோ."

உனக்கு இடக்கை. உன் சுற்று எல்லோருடைய சுற்றுக்கும் எதிர்த் திசையில் போகும். அப்படியே பூட்டினால் கார் பின்னுக்கு ஓடும். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிப் பூட்ட வேண்டும். முதல் தடவை நான் மறந்துபோய், கார் பின்னால் ஓடி, நீ கதிரையில் இருக்க முடியாமல் சிரித்தாயே?

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொழும்புக்கும் மன்னாருக்கும் அலைந்தோம். நம் கார்ப்பெட்டி ஐஸ் அறை அலுமாரியில் கிடந்தது. சாவி லீனஸிடம். உன்னை அடக்கம் செய்த பிறகு பெட்டியைக் கொண்டுவந்து தந்தார், கண் கலங்கினார். திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது நீ சுற்றியது இல்லை, கடையில் வாங்கும் சாதாரண மோட்டர். நீதான் கழற்றி வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்க இனி முடியுமா?

சில மாதத்தில் லீனஸின் காரை யாராலும் பிடிக்க முடியவில்லை. "நானே சுத்தினது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரு ஞாயிறு அது வளைவில் எறிபட்டு என் காலடியில் கவிழ்ந்து விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். வயர்கள் மாறிக் கிடந்தன.

அன்றைக்கு ஒன்றும் கதைக்கவில்லை, மச்சாள். காரைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். யாழ்ப்பாணத்து ஆட்களும் வவுனியா ஆட்களும் வரும் போட்டி வரை பொறுத்திருந்தேன். உள்ளூர்க்காரர் பார்த்தால் போதாது, அதிகம் பேர் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அன்று அவர்தான் வென்றார். கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது எழும்பினேன்.

"லீனஸண்ணை, அந்த மோட்டரை ஒருக்கா திறந்து காட்டுங்கோ."

"ஏன்? நான் சுத்தினது எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

"அப்ப ஏன் வயர் மாறிக் கிடக்குது?"

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் காரை வாங்கித் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது மற்றப் பக்கமாச் சுத்திக் கிடக்குது. அண்ணை, நீங்கள் இடக்கையோ?"

லீனஸின் வலக்கையில் கிண்ணம். நான் கைப்பையிலிருந்து செப்புக் கம்பிச் சுருளையும், கம்பி அவிழ்த்த கடை மோட்டரையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

"சரி, நீங்கள் சுத்தினது எண்டே வைப்பம். இப்ப ஒரு காலை மட்டும் சுத்திக் காட்டுங்கோ."

கதிரையில் இருந்தார். சுற்றினார். கம்பி அறுந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி அறுந்தது. அவருடைய மனுசி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றா. அவவின் முகத்தைப் பார்த்தாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இன்னொருக்காச் சுத்துங்கோ" என்றேன். உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த நேரம் எனக்கு வயிறு நிறைந்தது.

அடுத்த நாள் காலை வீட்டுக்கு வந்தார். மோட்டரை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

"அவ போன பிறகு சும்மா கிடந்து துருப்பிடிக்கும் எண்டு எடுத்தனான்."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா தந்திருப்பீங்களோ?"

தந்திருப்பேன், ஜெசிந்தா. உன் பெயரைச் சொல்லி ஓட்டச் சொல்லித் தந்திருப்பேன். அதை நினைக்க நினைக்கத்தான் எரிகிறது.

"நான் இனி அந்தப் பக்கம் வரமாட்டன், தங்கச்சி. எல்லாத்தையும் விட்டிடுறன்."

"விடேலாது," என்றேன். "ஒவ்வொரு ஞாயிறும் வரவேணும். வந்து எனக்கு முன்னால நிண்டு தோக்கவேணும். வராட்டி பொலிசுக்குப் போவன்."

உன் அண்ணன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பூசைக்குப் போறனீர், மன்னிக்கத் தெரியாதோ?" என்றார்.  நான் மோட்டரை நம் கார்ப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

லீனஸ் வருகிறார். யாரும் அவருக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. தோற்றுவிட்டுக் காரைத் துடைத்துப் பெட்டியில் வைப்பதைப் பார்க்கிறேன். பார்க்கத்தான் போகிறேன்.

இனி வரும் பருவத்தில் கரிப் பிரஷ் இல்லாத மோட்டர்களையும் போட்டியில் விடப் போகிறார்கள். உள்ளே கரியும் இல்லை, தேய்மானமும் இல்லை, சின்ன எலக்ட்ரோனிக் பலகை ஒன்றே எல்லாம் செய்கிறதாம். கம்பி யார் சுற்றினார் என்ற கேள்வியே வராது. அவருக்கும் எனக்கும் கடையில் வாங்கும் ஒரே மாதிரி மோட்டர்தான். உன் மோட்டரால்தான் தோற்றேன் என்று அவர் சாட்டுச் சொல்லவும் முடியாது. எனக்கு அது போதும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவர் தோற்கும் ஒவ்வொரு ஞாயிறும் மாலை சேமக்காலைக்கு, உன் கல்லறைக்கு வந்து உனக்குச் சொல்வேன். என்றைக்காவது நான் வேண்டுமென்றே வளைவில் விசையை விட்டு அவரை முன்னால் போக விட்டால், அன்றைக்கு மன்னித்துவிட்டேன் என்று தெரிந்துகொள். அந்த ஞாயிறு வருமா என்று எனக்குத் தெரியாது. இந்த ஞாயிறு இல்லை.

உன் அண்ணனின் மனைவி, உன் காரை ஓட்டியவள்,
மச்சாள் புளோறா