காரையும் காரெயும்

பாய்,

ஞாயிற்றுக்கிழமை சத்திரத்தில் சுண்ணாம்பு கலக்கினோம். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றியதும் கிளம்பிய வாடையில் உங்கள் ஞாபகம் வந்தது. இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே எங்களை அதட்டியிருப்பீர்கள்.

ஓசூரில் சிமெண்ட் கடை வைத்திருந்த நீங்கள், வாரக் கடைசியில் சம்பளமில்லாமல் பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு பூச வந்தது எங்கள் குழுவுக்கு வேடிக்கையாக இருந்தது. கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கும் நான்தான் அதிகம் கிண்டல் செய்தேன். "பொழப்பு வேற மேடம், புத்தி வேற" என்பீர்கள்.

உத்தனப்பள்ளிச் சாலையிலுள்ள இந்தச் சத்திரத்தை இடிப்பதாக இருந்தது. ஒரு மழைக்குச் சுவர் தாங்கினால் விட்டுவிடுகிறோம் என்று ஊர்க்காரர்கள் தவணை கொடுத்தார்கள். அந்த அவசரத்தில் ஆனேக்கல் பக்கத்துக் கொத்தனார்களை நீங்களே போனில் கூப்பிட்டு, தெற்குச் சுவருக்குக் காரை பூசச் சொன்னீர்கள், கன்னடத்தில். நமக்குக் காரை என்றால் சுண்ணாம்பு. அவர்களுடைய காரெ எந்தப் பூச்சுக்கும் பொது. நாம் போய்ச் சேர்வதற்குள் சுவர் முழுக்க வழவழவென்று சிமெண்ட்.

"காரெ அந்த்ரி, காரெ மாடிதெ" என்றார் கொத்தனார். நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன் என்கிறார்.

நீங்கள் அவரைத் திட்டவில்லை. "கன்னடம் தெரியும்ங்கற திமிரு மேடம், எனக்கு. இந்த சிமெண்ட் மூச்சு விடாது. மழைத் தண்ணி உள்ளயே நின்னு செங்கல்லக் கரைச்சிடும்." அடுத்த ஞாயிறு முதல் உளியும் சுத்தியலுமாக நீங்களே கொத்தினீர்கள், யாரையும் தொட விடவில்லை. கொத்தக் கொத்த நாங்கள் பின்னாலேயே சுண்ணாம்பு பூசி வந்தோம். ஜன்னலுக்கு மேலே கொஞ்சம் பாக்கி இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் உங்கள் கடையைப் பற்றியே பேசினார்கள். சுவரைப் பற்றி ஒருவரும் பேசாதது எனக்குக் கோபமாக இருந்தது.

மழை வந்து போனது. நீங்கள் கொத்திய இடமெல்லாம் காய்ந்துவிட்டது, அந்தப் பாக்கியைச் சுற்றி மட்டும் ஈரம். சத்திரத்தை இனி இடிக்க மாட்டார்களாம்.

பாக்கியை இந்த ஞாயிறு நான் கொத்தினேன். லேசில் பெயரவில்லை, மணிக்கட்டு வீங்கிவிட்டது. அன்றைக்குக் கொத்தனார்கள் சிமெண்ட் மூட்டையை எங்கே வாங்கினார்கள் என்று சாயங்காலம் உங்கள் மகனிடம் கேட்டேன்.

"நம்ம கடைலதான் ஆன்ட்டி. அத்தா சொல்லலியா?"

சொல்லவில்லை. கொத்திய சிமெண்டில் ஒரு துண்டு என் கைப்பையில் கிடக்கிறது. நல்ல சரக்கு, பாய்.